"சீ, போ!" என்றால் "ஆமாம்ப்பா": சிலி ஸ்பானிஷுக்குக் காதைப் பழக்குவது எப்படி

சாண்டியாகோவில் இறங்கிய மறுநாள் காலை. தங்கியிருந்த வீட்டுக்கு நாலு கட்டடம் தள்ளி ஒரு ரொட்டிக் கடை, ஷட்டர் பாதி ஏறியிருந்தது. சென்னையில் எட்டு மாதம் ஸ்பானிஷ் வகுப்புக்குப் போன தைரியத்தில் குனிந்து எட்டிப் பார்த்து, "கடை திறந்திருக்கிறதா?" என்று இலக்கண சுத்தமாகக் கேட்டேன். கையெல்லாம் மாவோடு நின்ற அம்மா நிமிர்ந்து பார்த்து, "சீ, போ!" என்றார். வந்த மறுநாளே ஒருத்தர் இப்படி விரட்டினால் என்ன செய்வது? பேசாமல் திரும்பி நடந்தேன். அவர் வாசல்வரை ஓடி வந்து கையை ஆட்டிக் கூப்பிட்டார். அவர் சொன்னது "திறந்திருக்கேப்பா, வா" என்பதுதான். 'சீ' என்றால் ஆமாம். 'போ' என்றால் தனியாக ஒன்றும் இல்லை, நம் 'ப்பா' மாதிரி வாலில் ஒட்டிக்கொள்கிற ஒரு சொல்.

சிலிக்குப் போகிறேன் என்றதும் ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பயமுறுத்துவார்கள்: அவர்கள் பேசுவது ஸ்பானிஷே இல்லை, மெக்சிகோக்காரனுக்கே புரியாது, உனக்கு எங்கே புரியப்போகிறது என்று. சிலிக்காரர்களும் அதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். ஆனால் தமிழ் பேசுகிறவர்களுக்கு இது அவ்வளவு கஷ்டமில்லை என்பது என் கட்சி. 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டு 'போய்ட்ருக்கேன்' என்று பேசுகிற ஆட்கள் நாம். எழுத்து வேறு, வாய் வேறு என்பது நமக்குப் புதிதா என்ன? அந்தப் பழக்கத்தை அப்படியே அங்கே எடுத்துப் போக வேண்டியதுதான். இரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்து அடிபட்டுக் கற்றதைப் புதிதாகப் போகிறவர்களுக்காக, எந்த வரிசையில் கற்றால் சுலபமோ அந்த வரிசையில் எழுதுகிறேன். ஸ்பானிஷ் அறவே தெரியாதவர்கள் எண்களையும் வணக்கம், நன்றியையும் மட்டும் முதலில் படித்துக்கொண்டு இதற்குள் வாருங்கள்.

1. முதலில் 'ஸ்' ஒலியை மறந்துவிடுங்கள்

விமானம் ஏறும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. வகுப்பில் 'லோஸ் அமீகோஸ்' என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சிலியில் அது 'லொ அமீகொ' என்று வரும், 'ஸ்' இருந்த இடத்தில் மூச்சு விடுவதுபோல லேசான ஒரு 'ஹ்' கேட்கும், பல சமயம் அதுவும் கேட்காது. இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் 'த'வும் விழுந்துவிடும். களைப்பு என்பதற்கான 'கன்சாதோ', 'கன்சாவோ' ஆகும். மீன் என்பதற்கான 'பெஸ்காதோ', 'பெஹ்காவோ' ஆகும். ஒன்றுமில்லை என்பதற்கான 'நாதா' வெறும் 'நா'. 'பாரா' என்ற சொல் 'பா' என்று நின்றுவிடும்.

பயிற்சி எளிது. சிலி வானொலி நிலையங்கள் இணையத்தில் நேரலையாக வருகின்றன. செய்தி வேண்டாம், செய்தி வாசிப்பவர்கள் ஒழுங்காகத்தான் பேசுவார்கள். நேயர்கள் போன் செய்து பேசும் நிகழ்ச்சிகளையும் கால்பந்து வர்ணனைகளையும் போட்டுவிட்டுச் சமையல் செய்யுங்கள். புரிய வேண்டும் என்று உட்கார்ந்து கேட்காதீர்கள், தலைவலிதான் மிஞ்சும். பத்துப் பதினைந்து நாளில், விழுந்த எழுத்துகளைக் காது தானே நிரப்பிக்கொள்ள ஆரம்பிக்கும். 'வந்துட்டு இருக்கான்' என்பதை 'வந்துட்ருக்கான்' என்று கேட்டுப் புரிந்துகொள்கிற அதே காது.

2. 'போ', 'யா', 'அல் தீரோ'

அங்கே இறங்கிய முதல் வாரத்தில் இந்த மூன்றும் வந்துவிட்டால் போதும், பாதி உரையாடல் ஓடிவிடும்.

'போ' என்பது 'புவெஸ்' என்ற சொல் தேய்ந்து தேய்ந்து மிஞ்சியது. சீ போ, நோ போ, யா போ. 'ஆமாம்ப்பா', 'இல்லைப்பா', 'சரிப்பா'. அழுத்திச் சொன்னால் "இதுகூடத் தெரியாதா, ஆமாம்ல" என்ற தொனி வரும், மெதுவாகச் சொன்னால் வெறும் நட்பு. எந்தத் தொனிக்கு எந்தப் பொருள் என்று நான் இங்கே எழுதி விளக்க வேண்டியதே இல்லை, 'ல', 'ப்பா', 'டா' எல்லாம் போட்டுப் பேசி வளர்ந்தவர்களுக்குத் தானாக வரும். ஒரே ஒரு எச்சரிக்கை, நீங்கள் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'போ' போடாதீர்கள். சினிமாவில் வெளிநாட்டுக்காரர் வந்து வரிக்கு வரி 'அய்யோ' சொல்வது மாதிரி இருக்கும்.

'யா' என்பது 'சரி'. பாடப்புத்தகத்தில் 'ஏற்கெனவே' என்று போட்டிருக்கும், அதுவும் சரிதான், ஆனால் சிலியில் நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் அது நம் 'சரி', 'ம்ம்'. நீங்கள் பேசப் பேச எதிரில் இருப்பவர் "யா... யா... யா..." என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் ஒப்புக்கொள்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது, கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். வீட்டு வாடகை பேசும்போது எனக்கு இது தெரியாமல், நான் கேட்ட தொகைக்குச் சம்மதித்துவிட்டார் என்று மகிழ்ந்து, பிறகு அசடு வழிந்தேன். "யா போ!" என்று இழுத்துச் சொன்னால் "போதும்ப்பா, கிளம்பு" என்று பொருள், அப்போது கிளம்பிவிட வேண்டும்.

'அல் தீரோ' என்றால் 'உடனே'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் துப்பாக்கிக் குண்டு கணக்கு. 'இப்போது' என்பதற்கான சாதாரண ஸ்பானிஷ் சொல்லைப் போட்டுக் கேட்டால், எப்போது என்பது அவரவர் சௌகரியம். 'அல் தீரோ' என்று சொல்லிவிட்டால் அதற்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. கொஞ்சம்தான். பரிமாறுகிறவர் 'அல் தீரோ' என்றால் ஐந்து நிமிஷம், குழாய் ரிப்பேர்க்காரர் 'அல் தீரோ' என்றால் இன்றைக்குள்.

3. 'ஆய்' விகுதி: இங்கே நமக்கு லாட்டரி

வகுப்பில் 'நீ எப்படி இருக்கிறாய்' என்பதற்கு 'கோமோ எஸ்தாஸ்' என்று படித்திருப்பீர்கள். சிலியில் நண்பர்கள் கேட்பது 'கோமோ எஸ்தாய்'. 'எங்கே போகிறாய்' என்பதற்குத் 'தோந்தே வாஸ்' என்று படித்தது அங்கே 'தோந்தே வாய்'. 'புரிகிறதா' என்பது 'கச்சாய்'.

கவனித்தீர்களா? வந்தாய், போனாய், இருக்கிறாய். நீ என்றால் ஆய். இது வெறும் தற்செயல்தான், இரண்டு மொழிக்கும் ஒரு உறவும் கிடையாது, ஆனால் மனதில் வைத்துக்கொள்ள இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? மற்ற நாட்டவர்கள் மாதக்கணக்கில் முழித்துக்கொண்டு நிற்கிற இடம் இது. இன்னொரு வகை வினைச்சொற்களுக்கு 'ஈ' வரும்: 'உனக்கு வேண்டுமா' என்பதற்கான 'கியேரெஸ்' அங்கே 'கெரீ', 'உன்னிடம் இருக்கிறதா' என்பதற்கான 'தியேனெஸ்' அங்கே 'தெனீ'. ஆய் அல்லது ஈ, அவ்வளவுதான் கணக்கு.

இந்த வடிவத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கரகாசில் பிறந்து 1829-இல் சிலிக்கு வந்து சேர்ந்த ஆந்த்ரேஸ் பெய்யோ என்ற பெரிய அறிஞர், பின்னாளில் சிலிப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானவர், 1847-இல் புகழ்பெற்ற ஓர் இலக்கண நூலும் எழுதியவர், இந்த 'நீ' வடிவம் கொச்சை, பிள்ளைகளைத் திருத்துங்கள் என்று பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் பத்திரிகையில் எழுதினார். பள்ளிக்கூடங்கள் தலைமுறை தலைமுறையாகத் திருத்தின. 'வோஸ்' என்ற பழைய 'நீ' அநேகமாக ஒழிந்தது, இன்று யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் சண்டைக்கு இழுப்பது மாதிரி. ஆனால் அதன் வால் மட்டும் வினைச்சொல்லில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிறது. அதே பெய்யோதான் இன்று 20,000 பெசோ நோட்டில் இருக்கிறார். அந்த நோட்டை நீட்டிக்கொண்டே 'கச்சாய்' என்று பேசுகிறார்கள்.

இதில் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று. 'ஆய்' வடிவம் நண்பர்களுக்கும் வயதொத்தவர்களுக்கும்தான். கடைக்காரர், டாக்சி ஓட்டுநர், வீட்டு உரிமையாளர், வயதானவர், போலீஸ் எல்லோருக்கும் 'உஸ்தெத்', அதாவது நம் 'நீங்கள்'. தெரியாத பெரியவரைப் பார்த்து 'எப்படி இருக்கே' என்று நாம் கேட்போமா? அதே அளவுகோல்தான். உங்களிடம் அவர்கள் 'ஆய்' போட்டு இரண்டு மூன்று தடவை பேசிய பிறகு நீங்கள் இறங்கி வரலாம்.

'கச்சாய்' பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நாம் 'புரியுதா', 'தெரியும்ல' என்று வாக்கியத்துக்கு நடுவே போடுவது மாதிரி அவர்கள் இதைத் தூவிக்கொண்டே போவார்கள், பதில் சொல்லத் தேவையில்லை, தலையாட்டினால் போதும். உண்மையிலேயே புரியவில்லை என்றால் "நோ கச்சே" என்று சொல்லிப் பாருங்கள். 'பிடிபடலையே' என்ற பொருளில் ஒரு வெளிநாட்டுக்காரர் வாயிலிருந்து வந்ததும் எதிரே இருப்பவர் சிரித்துவிடுவார், அடுத்த வாக்கியம் நிச்சயம் மெதுவாக வரும்.

4. காசு

சிலியில் பெசோவுக்கும் டாலர் அடையாளத்தைத்தான் போடுவார்கள். ஆயிரத்துக்கு நாம் காற்புள்ளி வைக்கிற இடத்தில் அவர்கள் முற்றுப்புள்ளி வைப்பார்கள். காப்பி விலைப்பட்டியலில் 2.500 என்று அந்த அடையாளத்தோடு பார்த்துவிட்டு, இரண்டரை டாலர் என்று கணக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். அது இரண்டாயிரத்து ஐந்நூறு பெசோ.

ஆயிரம் பெசோவுக்கு 'லூகா'. ஐந்தாயிரம் என்றால் 'சிங்கோ லூகா'. நூறு பெசோ 'காம்பா', ஐந்நூறு 'கீனா', பத்து லட்சம் 'பாலோ'. இதில் லூகா இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது, மற்றதெல்லாம் காதில் விழுந்தால் தெரிந்தால் போதும். பொதுவாகப் பணத்துக்கு 'பிளாத்தா', அதாவது வெள்ளி.

சூப்பர் மார்க்கெட் கல்லாவில்தான் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் திணறுவார்கள். அந்தப் பெண் மூச்சு விடாமல் நாலைந்து கேள்வி கேட்பார், எல்லாமே உங்களுக்குச் சம்பந்தமில்லாதவை. "ரூத்?" என்பது சிலிக்காரர்களின் அடையாள எண், புள்ளி சேர்க்கக் கேட்கிறார், "நோ தெங்கோ" சொல்லிவிடுங்கள். அடுத்து மீதிச் சில்லறையை ஏதாவது அறக்கட்டளைக்குக் கொடுக்கிறீர்களா என்பார், அது உங்கள் விருப்பம். ஒரு பெசோ, ஐந்து பெசோ நாணயங்களை 2017-இல் நிறுத்திவிட்டதால் ரொக்கமாகக் கொடுத்தால் பத்துக்கு முழுமையாக்கிவிடுவார்கள், அதில் ஏமாற்று வேலை இல்லை. அட்டையை நீட்டினால் "கொன் குவோத்தா, சின் குவோத்தா?" என்பார், தவணையா மொத்தமா என்று. "சின் குவோத்தா". 'ஆமாம்' என்று பொத்தாம்பொதுவாகத் தலையாட்டாதீர்கள். பிளாஸ்டிக் பை கிடைக்காது, 2018-இல் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள், துணிப்பை எடுத்துப் போங்கள்.

உணவகத்தில் "கொன் ப்ரொப்பீனா?" என்று கேட்பது பத்து சதவீத டிப்ஸ் சேர்த்துப் போடட்டுமா என்பதற்கு. போடச் சொல்வதுதான் வழக்கம்.

5. சாப்பாடு, குறிப்பாகச் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

வகுப்பில் படித்த காய்கறிப் பெயர்களில் பாதி அங்கே செல்லாது. அவகாடோ 'பால்தா', சோளம் 'சோக்லோ', பீன்ஸ் வகையறா 'பொரோத்தோ'. மூன்றுமே கெச்சுவா என்ற ஆண்டீஸ் மலைமொழியிலிருந்து வந்தவை. ஸ்ட்ராபெரி 'ஃப்ருத்தீயா'. உறிஞ்சு குழல் 'பொம்பீயா', மற்ற ஊரில் அது மின்விளக்கு.

பால்தா இல்லாமல் சிலிச் சாப்பாடே இல்லை. தெருவோரத்தில் 'கொம்ப்லேத்தோ' என்று நீள ரொட்டிக்குள் சாசேஜ் வைத்துக் கொடுப்பார்கள், அதிலேயே தக்காளியும் மசித்த பால்தாவும் மயோனைஸும் மேலே ஏறினால் அது 'இதாலியானோ', சிவப்பு பச்சை வெள்ளை, இத்தாலிக் கொடி. அவ்வளவுதான் இத்தாலி சம்பந்தம்.

இப்போது என் கதை. நான் சைவம். இரண்டாவது வாரம் ஒரு 'ஃபுவென்தே தே சோதா'வில், அதாவது நம் ஊர் டிபன் கடை மாதிரி உயரமான ஸ்டூல்களும் நீளமான மேடையும் போட்ட இடத்தில், பலகையில் 'ஆவே பால்தா' என்று பார்த்தேன். பால்தா தெரியும். ஆவே என்பது 'ஆவே மரியா'வில் வருகிற ஆவே போலிருக்கிறது, ஏதோ பெயர் என்று நினைத்தேன். இருந்தாலும் முன்ஜாக்கிரதையாக "இறைச்சி இல்லாததுதானே?" என்று கேட்டேன். "சீன் கார்னே, போ" என்றார் பரிமாறுகிறவர், கொஞ்சம்கூடத் தயங்காமல். தட்டு வந்தது. உள்ளங்கை அகல ரொட்டி, ஓரமெல்லாம் பச்சையாகப் பிதுங்கி வழிகிற பால்தா. மேல்மூடியைத் தூக்கிப் பார்த்தால் பச்சைக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக நூல்போலப் பிய்த்துப் போட்ட ஏதோ ஒன்று. என்ன இது என்றேன். "ஆவே" என்றார், பிறகு இரண்டு முழங்கையையும் விலாவில் இடித்துச் சிறகடித்துக் காட்டினார். கோழி.

அவர் ஏமாற்றவில்லை. அங்கே பலருக்குக் 'கார்னே' என்றால் மாட்டிறைச்சிதான் முதலில் மனதில் வரும், கோழியும் ஹாமும் அதில் சேராது. ஆகவே 'நான் சைவம்' என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், "நி கார்னே, நி போயோ, நி ஹமோன், நி பெஸ்காதோ" என்று மாடு, கோழி, பன்றி, மீன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி மறுத்துவிடுங்கள். 'பீனோ' என்று எம்பனாடாவில், அதாவது உள்ளே பூரணம் வைத்து மடித்த அவர்கள் ஊர் பலகாரத்தில், எழுதியிருந்தால் அது பைன் மரம் இல்லை, கொத்துக்கறியும் வெங்காயமும்.

மாலையில் யாராவது 'ஓன்சே'வுக்கு வா என்றால் தவறாமல் போங்கள். ஓன்சே என்றால் பதினொன்று, ஆனால் நேரம் சாயங்காலம் ஆறு, ஏழு, சில வீட்டில் எட்டு. தேநீர், ரொட்டி, பால்தா, சீஸ், ஜாம். பல வீடுகளில் அதுதான் இரவுச் சாப்பாடும். ஏன் பதினொன்று என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள், பட்டைச் சாராயத்தின் ஸ்பானிஷ் பெயரில் பதினொரு எழுத்து, மனைவிக்குத் தெரியாமல் குடிக்க அதைச் சங்கேதமாகச் சொன்னார்கள் என்பது எல்லோருக்கும் பிடித்த கதை. நிஜமோ இல்லையோ, ரசமானது. போகும்போது ரொட்டி வாங்கிப் போங்கள். ரொட்டியை எண்ணி வாங்குவதில்லை, கிலோ கணக்கு. நாலாகப் பிய்க்கிற மாதிரி நடுவில் கோடு விழுந்த மொறுமொறு ரொட்டிக்குச் சாண்டியாகோவில் 'மர்ரகேத்தா' என்று பெயர், பக்கத்திலேயே இருக்கிற வல்பராய்சோவில் அதற்கே 'பான் பதீதோ'.

வாராந்திரச் சந்தைக்கு 'ஃபேரியா' என்று பெயர். எனக்கு மொழி கற்றுக்கொடுத்தது அதுதான். அங்கே கடைக்காரர் உங்களைக் 'கசேரோ' என்பார், நீங்களும் அவரைக் 'கசேரோ' என்பீர்கள், பெண்ணாக இருந்தால் 'கசேரா', செல்லமாகக் 'கசெரீத்தா'. நம் 'அண்ணே', 'அக்கா' வேலையை இந்த ஒரு சொல் இரண்டு பக்கமும் செய்துவிடும். பால்தா கேட்டால் கடைக்காரர் எடுத்துக்கொடுக்கும் முன் "பா ஓய் ஓ பா மஞ்ஞானா?" என்பார். இன்றைக்கா, நாளைக்கா. நம் ஊரில் மாம்பழம், பலாப்பழம் வாங்கும்போது கேட்பார்களே, அதேதான். பதிலுக்குத் தகுந்தபடி கட்டைவிரலால் லேசாக அமுக்கி அமுக்கிப் பார்த்துப் பொறுக்கித் தருவார். நீங்களாகக் கை வைத்து அமுக்கினால் முறைப்பார். வாங்கி முடித்ததும் "இ லா யாப்பா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள், ஒரு கொத்து மல்லித்தழையோ ஓர் எலுமிச்சையோ வந்து விழலாம். யாப்பா என்றால் கொசுறு.

6. வழி கேட்பது, ஊர் சுற்றுவது

பேருந்து 'மீக்ரோ', சாண்டியாகோவில் அதில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், 'பிப்' என்ற அட்டையை மெட்ரோ நிலையத்தில் வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள், மெட்ரோவுக்கும் அதுவே. 'கொலெக்தீவோ' என்பது நம் ஷேர் ஆட்டோ, ஆட்டோவுக்குப் பதில் கார், குறிப்பிட்ட தடத்தில் ஓடும். 'தாக்கோ' என்றால் மெக்சிகோ தின்பண்டம் இல்லை, போக்குவரத்து நெரிசல். வேலைக்குத் தாமதமாகப் போய் "தாக்கோ" என்று சொன்னால் போதும், எல்லோருக்கும் புரியும்.

வழி கேட்டால் 'மேலே போ', 'கீழே இறங்கு' என்பார்கள், தெரு தட்டையாகத்தான் இருக்கும். சாண்டியாகோவில் மேலே என்றால் ஆண்டீஸ் மலைப்பக்கம், அதாவது கிழக்கு. கீழே என்றால் மேற்கு. நாம் மலை இருக்கிற பக்கத்தை மேல் என்று வைத்து மேற்கு என்றும், நிலம் தாழ்கிற பக்கத்தைக் கீழ் என்று வைத்துக் கிழக்கு என்றும் சொல்லுகிறோம் இல்லையா, அதே யோசனைதான், ஆனால் மலை எதிர்ப்பக்கம் நிற்பதால் திசை தலைகீழ். 'மேல் பேட்டை' என்ற பொருளில் சொல்லும் 'பார்ரியோ ஆல்தோ' என்பது கிழக்கே இருக்கிற பணக்காரப் பகுதிகள், லாஸ் கோந்தேஸ், விதாக்கூரா பக்கம்.

நடந்து போகும்போது முன்பின் தெரியாத பெண்மணி கையைத் தட்டி, உங்கள் கைப்பேசியைக் காட்டி ஏதோ வேகமாகச் சொல்கிறார், அதில் 'லான்சா' என்று ஒரு சொல் விழுகிறது என்றால், உடனே கைப்பேசியை உள்ளே வையுங்கள். லான்சா என்றால் பறித்துக்கொண்டு ஓடும் திருடன். எனக்கு மூன்று தடவை இப்படி முகம் தெரியாதவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 'ஓஹோ', அதாவது 'கண்', என்று ஒருவர் கண்ணுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினால் அதுவும் 'பார்த்துப் போ' என்பதுதான். போலீஸ்காரரைப் பேச்சில் 'பாக்கோ' என்பார்கள், நேரில் அப்படிக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

எந்த நாடு என்று கேட்டால் "சோய் தெ லா இந்தியா" என்று சொல்லுங்கள். 'இந்தியோ' என்று சொல்லாதீர்கள், அது அங்கே பூர்வகுடிகளைக் குறிக்கும் சொல், பல வாய்களில் வசவும்கூட. அவர்கள் உங்களை 'இந்தூ' என்பார்கள். நீங்கள் கிறிஸ்தவரோ முஸ்லிமோ யாராக இருந்தாலும் இந்தூதான், அதில் மதம் கிடையாது, இந்தியாக்காரர் என்று பொருள். இரண்டு பேருக்கு விளக்கிப் பார்த்தேன், மூன்றாவது ஆளிடம் விட்டுவிட்டேன்.

7. காதில் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியவை

'வெஓன்'. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கேட்கும். முட்டை என்ற சொல்லிலிருந்து வந்தது, எந்த முட்டை என்று ஊகித்துக்கொள்ளுங்கள். நண்பன், முட்டாள், அந்த ஆள், அடேயப்பா என எல்லாவற்றுக்கும் இதுவே. நாம் நெருங்கிய சிநேகிதனை 'எருமை' என்போம், அதையே பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரிடம் சொன்னால் என்ன ஆகும்? தொனி பிடிபடும்வரை வாயைத் திறக்க வேண்டாம். ஒரு வருஷம் கழித்து அலுவலகத் தோழர் ஒருவர் என்னை முதன்முதலாக அப்படிக் கூப்பிட்ட அன்று, எனக்கு வேலை நிரந்தரமானது மாதிரி இருந்தது. அப்போதும் நான் திருப்பிச் சொல்லவில்லை.

'குயீக்கோ' என்றால் பணக்காரத் திமிர்பிடித்தவன், 'ஃப்லைத்தே' என்றால் பொறுக்கி என்கிற மாதிரி ஏழைகளை இளக்காரமாகச் சொல்வது. இரண்டும் அங்கே சாதிப்பெயர் சொல்வது போலச் சுடும் சொற்கள். மணி 'மூன்று சொச்சம்' என்பதற்கு ஸ்பெயின்காரர்கள் சொல்லும் 'பீக்கோ' சிலியில் ஆண்குறி, அலுவலகக் கூட்டத்தில் நேரம் சொல்லும்போது நினைவிருக்கட்டும்.

தைரியமாகச் சொல்லக்கூடியவையும் நிறைய இருக்கின்றன. 'பகான்' என்றால் சூப்பர், 'ஃபோமே' என்றால் போர், 'பேகா' என்றால் வேலை, 'கர்ரேத்தே' என்றால் இரவுக் கொண்டாட்டம், மறுநாள் தலைவலிக்குக் 'கான்யா'. தூக்கம் வந்தால் "தெங்கோ தூத்தோ". கைக்குழந்தை 'குவாகுவா', கியூபாவில் அதே சொல் பேருந்து. காதலன் 'பொலோலோ', அது ஒரு வண்டின் பெயர், பூவைச் சுற்றி வருகிற வண்டைக் காதலன் என்று சொல்ல நமக்கு யாரும் விளக்கம் தர வேண்டியதில்லை. அப்பா அம்மாவின் நண்பர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் பிள்ளைகள் 'தீயோ', 'தீயா' என்பார்கள், மாமா அத்தை. கழிவறைக் காகிதத்துக்குக் 'கொன்ஃபோர்', ஒரு பிராண்டின் பெயரே பொதுப்பெயர் ஆகிவிட்டது, கேட்கத் தெரியாமல் தவித்தால்தான் இதன் அருமை புரியும்.

வயிற்றுவலி என்றால் மருந்துக் கடையில் "மே துவேலே லா குவாத்தா" என்று சொல்லுங்கள், குவாத்தா என்றால் சிலிப் பூர்வகுடிகளான மபுச்சேக்களின் மொழியிலிருந்து வந்த 'வயிறு'.

அப்புறம், தரை ஆடினால் உடனே 'தெர்ரெமோத்தோ' என்று கத்தாதீர்கள். 1960-இல் வல்திவியாவில் 9.5 அளவில், மனிதர்கள் அளந்தவற்றிலேயே பெரிய நிலநடுக்கத்தைப் பார்த்த நாடு, 2010-இல் 8.8 வேறு. அந்த மாதிரி வந்தால்தான் அவர்களுக்கு அது தெர்ரெமோத்தோ. விளக்கு ஆடினால், டம்ளர் நகர்ந்தால் வெறும் 'தெம்ப்லோர்', பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்கள். பார்களில் தெர்ரெமோத்தோ என்று ஒரு பானம் உண்டு, புது வெள்ளை வைனில் அன்னாசி ஐஸ்கிரீம் மிதக்கும். இரண்டாவதாகக் கேட்கும் சின்ன கிளாசுக்கு 'ரெப்லிக்கா', பின்னதிர்வு. இனிப்பாக இருக்கிறதே என்று மளமளவென்று குடித்தால் எழுந்திருக்கும்போதுதான் பெயர்க்காரணம் தெரியும்.

8. போனை வைப்பது

இதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'போயிட்டு வரேன்' என்ற பொருளில் ஒரு 'சாவ்' சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்தால் கோபித்துக்கொண்டதாக நினைப்பார்கள். "யா." "யா போ." "யா, சாவ்." "சாவ், சாவ், கே எஸ்தெஸ் பியென்." "யா, நோஸ் வேமோஸ்." "யா, சாவ் சாவ்." சரி வைக்கட்டுமா, சரிப்பா, சரி சரி, உடம்பைப் பார்த்துக்கோ, சரி, வச்சிடறேன் என்று நாம் அரை நிமிஷம் இழுப்போமே, அதே நீளம். இரண்டாவது 'சாவ் சாவ்' வரும்வரை பொத்தானை அமுக்காதீர்கள்.